மீனைத் தொடாமல் மீனுக்கு வேலை: இஸ்ஸக்வா சால்மன் ஹேச்சரியில் தொண்டராகச் சேர ஒரு வழிகாட்டி

சியாட்டிலில் இருந்து ஐ-90 சாலையில் கிழக்கே அரை மணி நேரம் வந்தால் இஸ்ஸக்வா. 17ஆம் எக்ஸிட்டில் இறங்கி, ஃப்ரன்ட் ஸ்ட்ரீட்டில் நேரே போய், சன்செட் வேயில் வலது பக்கம் திரும்பினால் ஊருக்கு நடுவிலேயே ஒரு மீன்குஞ்சுப் பொரிப்பகம். இங்கே எல்லாரும் ஹேச்சரி என்றுதான் சொல்வார்கள். நானும் அப்படியே சொல்லிக்கொண்டு போகிறேன். ஃபின்லி, கில்டா என்று இரண்டு வெண்கல சால்மன்கள் அங்கே உண்டு. அவற்றின் முதுகில் ஏறி உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொள்ளாத குழந்தையை இந்தப் பக்கத்தில் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

பெல்வியூ, ரெட்மண்ட், சம்மாமிஷ் பக்கம் குடியிருக்கும் நம்மவர்கள் நிறையப் பேர் அக்டோபரில் ஒரு நாள் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு இங்கே வருவார்கள். ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருந்தால் அவர்களும் கூட. கடலில் வளர்ந்து, முட்டையிடப் பிறந்த ஓடைக்குத் திரும்பி வரும் சால்மன் மீனைப் பாலத்தில் நின்று பார்ப்பது, திரும்பும் வழியில் ஒரு காபி, அதோடு சரி. அதற்கு அடுத்தபடியாக, இங்கே தொண்டராகச் சேரலாமா என்று யோசிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். இதையெல்லாம் யாராவது எனக்கு முன்பே சொல்லியிருந்தால் என் முதல் வருடம் வீணாகியிருக்காது.

வீணானது எப்படி என்றால், மீனைத் தொடப்போகிறோம் என்ற நினைப்போடு போனேன். ரப்பர் பூட்ஸ், கையுறை எல்லாம் வாங்கியாயிற்று. போன பிறகுதான் தெரிந்தது, மீன் வேலையை வாஷிங்டன் மாநில மீன், வனவிலங்குத் துறையின் ஊழியர்கள் பார்த்துக்கொள்கிறார்கள் என்று. சினை எடுக்கும் நாட்களில் கூடமாட உதவிக்குத் தொண்டர்களைச் சேர்த்துக்கொள்வதும் உண்டுதான். ஆனால் பெரும்பாலும் நமக்கு அங்கே இரண்டே வேலை: வருகிறவர்களிடம் பேசுவது, ஓடைக்கரையைக் கவனித்துக்கொள்வது. மீன் தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும். மனிதர்களிடம்தான் சொல்லவேண்டியது நிறைய இருக்கிறது. இது முன்கூட்டியே தெரிந்திருந்தால் ஏமாற்றம் இருக்காது.

முதலில் சும்மா போய்ப் பாருங்கள்

பெயர் கொடுப்பதற்கு முன்னால் மூன்று தடவையாவது பார்வையாளராகப் போங்கள். டிக்கெட் எதுவும் கிடையாது. செப்டம்பர் நடுவில் ஒரு தடவை, அக்டோபர் கடைசியில் ஒரு தடவை, மார்ச் வாக்கில் ஒரு தடவை. அக்டோபர் முதல் வார இறுதியில் நடக்கும் சால்மன் டேஸ் திருவிழாவை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். 1970 முதல் நடக்கும் விழா, நன்றாகத்தான் இருக்கும், ஆனால் தேரோட்டக் கூட்டம். மீனைவிட முன்னால் நிற்பவர் முதுகுதான் அதிகம் தெரியும்.

போகும்போது ஒரு போலரைஸ்டு கூலிங் கிளாஸ் கொண்டுபோங்கள். வெயிலே இல்லையே, எதற்கு என்று நினைக்க வேண்டாம். பாலத்தில் நின்று வெறும் கண்ணால் பார்த்தால் ஓடையின் மேல் வானம்தான் வெள்ளையாக மின்னும். கண்ணாடியைப் போட்டதும் அந்த மினுமினுப்பு போய் அடியில் கிடக்கும் கூழாங்கற்கள் துலங்கும். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருங்கள். அதுவரை கல் என்று நினைத்த ஒன்று வாலை ஆட்டும். அப்புறம் அதன் பக்கத்திலேயே இன்னொன்று. ஐந்து நிமிடத்தில் பதினைந்து, இருபது மீன் கண்ணில் பட்டுவிடும். பின்னாளில் பார்வையாளர் யாராவது "மீனே இல்லையே" என்று அலுத்துக்கொள்ளும்போது அந்தக் கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்தால் போதும், மற்றதை அதுவே பார்த்துக்கொள்ளும்.

மீன் மேலே ஏறிப் போகப் படிப்படியாகக் கட்டிய மீன் ஏணியின் பக்கத்தில் கண்ணாடி ஜன்னல்கள் இருக்கின்றன. அங்கே குனிந்து பாருங்கள். கடலில் வெள்ளியாக மின்னிய சினூக் வகை சால்மன் இங்கே வந்து சேரும்போது பாசி படிந்த செம்புப் பாத்திரத்தின் நிறத்தில் இருக்கும். மூக்கு நுனி தேய்ந்து வெளுத்திருக்கும். வால் ஓரம் நார் நாராகக் கிழிந்திருக்கும். முதுகில் பஞ்சு ஒட்டியது போல வெள்ளைப் பூஞ்சை. ஆண் மீனுக்குத் தாடை கொக்கி மாதிரி வளைந்து பல் வெளியே தெரியும். பசி என்பதே அதற்கு இல்லை. நன்னீரில் நுழைந்ததும் தின்பதை நிறுத்திவிடுகிறது. உடம்பில் சேர்த்துவைத்த கொழுப்பைக் கரைத்துத்தான் இத்தனை தூரம் வந்திருக்கிறது.

எத்தனை தூரம் என்பதையும் ஒரு தடவை வரைபடத்தில் விரல் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். பசிபிக்கிலிருந்து புஜெட் சவுண்ட் என்ற உள்கடல். அங்கிருந்து சியாட்டிலின் பல்லார்டு பகுதியில், கப்பல்களை ஏரி மட்டத்துக்கு ஏற்றி இறக்கும் மதகுகள். 1917இல் திறந்த அந்த மதகுகளின் ஓரத்தில் மீனுக்கென்று 21 படி வைத்த ஏணி ஒன்று உண்டு. பிறகு லேக் யூனியன், லேக் வாஷிங்டன், சம்மாமிஷ் ஆறு, லேக் சம்மாமிஷ், கடைசியாக நம் இஸ்ஸக்வா ஓடை. ஆபீஸ் போகும் வழியில் நீங்கள் காரில் கடக்கும் பாலங்களுக்கு அடியில்தான் அது போய்க்கொண்டிருக்கிறது. ஒரு சனிக்கிழமை பல்லார்டுக்குப் போய் அங்குள்ள ஜன்னலிலும் பார்த்துவிட்டு வந்தால், அதே இனம் அங்கே வெள்ளியாகவும் இங்கே செம்பாகவும் இருப்பது மனதில் பதிந்துவிடும். புத்தகத்தில் எத்தனை தடவை படித்தாலும் அப்படிப் பதியாது.

மீனின் காலண்டர்

ஆகஸ்ட் கடைசியில் முதல் சினூக்குகள் தலைகாட்டும். செப்டம்பர் கடைசி, அக்டோபர் முதல் பாதி உச்சம். அக்டோபர் பாதிக்கு மேல் கோஹோ என்ற இன்னொரு வகை சால்மன் வரத் தொடங்கி நவம்பர் வரை வரும். குளிர்காலம் முழுவதும் உள்ளே தட்டுகளில் முட்டை. வசந்தத்தில் சினூக் குஞ்சுகளைத் திறந்துவிடுவார்கள். பொரித்துச் சில மாதங்களிலேயே அவை கடலுக்குக் கிளம்பிவிடும் ரகம். கோஹோ அப்படி இல்லை, ஒரு வருடத்துக்கு மேல் குளத்திலேயே வளர்ந்துவிட்டுத்தான் போகும். சம்மாமிஷ் ஏரியை விட்டு வெளியே போகாத கொகனி என்ற சின்ன சால்மன் தனிக் கதை. அதைக் காப்பாற்ற ஸ்னோகுவால்மி பழங்குடியினரும் அரசும் சேர்ந்து பாடுபட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

பெயர் கொடுப்பது

ஹேச்சரி அரசுடையது, தொண்டர்களைச் சேர்த்துப் பயிற்சி கொடுத்து நடத்துவது வேறொரு அமைப்பு. இந்த வித்தியாசம் தெரியாமல் நான் தவறான கதவைத் தட்டிக்கொண்டிருந்தேன். ஹேச்சரியை 1936இல் கட்டினார்கள், பெருமந்த காலத்தில் வேலையில்லாதவர்களுக்கு வேலை கொடுக்க அமெரிக்க அரசு நடத்திய திட்டத்தில். அதற்குள் மரம் வெட்டியும் நிலக்கரி தோண்டியும் இந்த ஓடையின் மீன் அழிந்துபோயிருந்தது. பிறகு 1990களின் தொடக்கத்தில், பணம் இல்லை, மூடிவிடலாம் என்று மாநில அரசு பேச ஆரம்பித்தபோது ஊர்க்காரர்கள் திரண்டு நின்று தடுத்தார்கள். அப்படி 1994இல் பிறந்ததுதான் ஹேச்சரியின் நண்பர்கள் அமைப்பு. அதன் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்தால் 'ஃபிஷ்' என்று வரும். எல்லாரும் அப்படியே கூப்பிடுகிறார்கள். நீங்கள் பெயர் கொடுக்க வேண்டியது இவர்களிடம்.

இவர்கள் தளத்தில் தொண்டர் பகுதியில் விண்ணப்பம் இருக்கும். குழந்தைகளோடு பழகும் வேலை என்பதால் பின்னணி விசாரிப்பார்கள், அதில் சங்கடப்பட ஒன்றுமில்லை. பள்ளிக் குழுக்கள் வரத் தொடங்கும் முன்பு, கோடையின் கடைசியில் பயிற்சி. அதன் பிறகு அனுபவமுள்ள ஒருவர் பின்னாலேயே சில சுற்றுகள் போய் வர வேண்டும். அவசரப்படாமல் ஐந்தாறு பேர் பின்னால் போய்க் கேளுங்கள். ஒவ்வொருவரும் ஒரே கதையை ஒவ்வொரு விதமாகச் சொல்வார்கள். வழிகாட்டும் தொண்டர் தவிர, கடையில் நிற்பது, தோட்டம் பார்ப்பது, விழா நாளில் மேசை பார்ப்பது என்று பேச்சு அதிகம் தேவைப்படாத வேலைகளும் உண்டு.

நம்மவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி விசா பற்றியது. எச்-4 என்ற குடும்ப விசாவில் இருக்கிறேன், வேலை அனுமதி இல்லை, செய்யலாமா? லாப நோக்கமில்லாத அமைப்பில், வழக்கமாகவே தொண்டர்கள் செய்யும் வேலையை, எந்தப் பணமும் வாங்காமல் செய்வதற்குப் பொதுவாகத் தடையில்லை. சம்பளத்துக்கு ஆள் வைத்துச் செய்யும் வேலையை இலவசமாகச் செய்வதுதான் சிக்கல். சந்தேகம் இருந்தால் உங்கள் வக்கீலிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டாவது கேள்வி, "என் இங்கிலீஷ் உச்சரிப்பு இவர்களுக்குப் புரியுமா?" புரியும். எட்டு வயதுப் பிள்ளைகளுக்கு உங்கள் உச்சரிப்பைப் பற்றி ஒரு கவலையும் கிடையாது. மீன் செத்துப்போகுமா, போகாதா என்பதுதான் அவர்கள் கவலை. வேலைக்குப் போகிறவர்கள் இன்னொன்றையும் விசாரித்துக்கொள்ளுங்கள்: மைக்ரோசாஃப்ட் போன்ற கம்பெனிகள் ஊழியர் தொண்டு செய்யும் நேரத்துக்கு ஈடாக அந்த அமைப்புக்குப் பணம் கொடுக்கின்றன. மணிக்கணக்கைப் பதிந்துவைக்க மறந்துவிடாதீர்கள்.

கதையைக் கற்றுக்கொள்வது

பயிற்சியில் நிறையத் தாள்கள் கொடுப்பார்கள். எல்லாவற்றையும் மனப்பாடம் செய்ய வேண்டாம். உள்ளே என்ன நடக்கிறது என்பதை ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட்டால் மீதி தானாக ஒட்டிக்கொள்ளும்.

சினை எடுக்கும் நாளில் ஓரமாக நின்று பார்க்க இடம் கிடைத்தால் விடாதீர்கள். ஊழியர் ஒருவர் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி மீனை ஒவ்வொன்றாகப் பிடித்து வயிற்றைத் தடவிப் பார்ப்பார். சினை கெட்டியாக இருந்தால் இன்னும் நாள் ஆகவில்லை, திரும்ப விட்டுவிடுவார். வயிறு தளர்ந்து, முட்டை உள்ளே உதிர்ந்திருந்தால் பக்குவம். தலையில் ஒரே அடி. பிறகு வயிற்றைக் கீறியதும் ஆரஞ்சு நிற முட்டைகள் வாளிக்குள் சரசரவென்று கொட்டும், பட்டாணி அளவில், ஒரு சினூக்குக்குச் சுமார் 4,000 முதல் 5,000 வரை. ஆண் மீனின் வயிற்றை அழுத்திப் பீய்ச்சினால் பால் போல விந்து. தண்ணீர் பட்டதும் அந்த விந்து உயிர்பெற்று ஒரு நிமிடத்துக்குள் ஓய்ந்துவிடும். காரியம் முடிய வேண்டியது அந்த ஒரு நிமிடத்தில்தான்.

அடுத்த ஒன்றிரண்டு நாளுக்குப் பிறகு அந்த முட்டைகளைப் பச்சைப் பிள்ளை போலப் பார்க்க வேண்டும். தட்டு லேசாக அதிர்ந்தாலும் கரு செத்துவிடும். சில வாரத்தில் ஒவ்வொரு முட்டைக்குள்ளும் இரண்டு கறுப்புப் புள்ளிகள் தெரியும், கண்கள். அந்தக் கட்டம் வந்ததும் முட்டை உறுதியாகிவிடுகிறது. எனக்கு மிகவும் பிடித்த வேலை அப்போது நடக்கும்: இத்தனை நாள் மூச்சுவிடக்கூடப் பயந்த அதே முட்டைகளை ஒரு வாளியிலிருந்து இன்னொரு வாளிக்கு வேண்டுமென்றே மேலிருந்து ஊற்றுவார்கள். கருத்தரிக்காத முட்டை அந்த அதிர்ச்சியில் வெள்ளையாகிவிடும். பொறுக்கி எறியலாம், பூஞ்சை பரவாது. நல்லது எதுவோ அது அப்படியே இருக்கும்.

10 டிகிரி செல்சியஸ் தண்ணீரில் ஏறக்குறைய 50 நாளில் பொரிக்கும். பொரித்த குஞ்சு வயிற்றடியில் மஞ்சள்கருப் பையைத் தூக்கிக்கொண்டு திரியும். ஆலவின் என்பார்கள். அந்தப் பை அதற்குக் கட்டுச்சோறு. அது தீரும்வரை வாயால் எதுவும் தின்னாது. தீர்ந்ததும் ஃப்ரை, பக்கவாட்டில் கறுப்புப் பட்டைகள் விழுந்ததும் 'பார்' (parr), பட்டை மறைந்து வெள்ளி பூசிக் கடலுக்குத் தயாரானதும் ஸ்மோல்ட். இந்த நான்கு பெயரும் வாயில் வர வேண்டும்.

ஹேச்சரியில் வளரும் குஞ்சுகளுக்கு முதுகில் வாலுக்கு முன்னால் உள்ள சின்னக் கொழுப்புத் துடுப்பை நறுக்கிவிடுவார்கள். தூண்டில்காரர் கடலில் மீனைப் பிடிக்கும்போது அந்தத் துடுப்பு இருந்தால் காட்டு மீன், இல்லாவிட்டால் ஹேச்சரி மீன் என்று தெரிந்துகொள்ள இதுதான் அடையாளம். சில குஞ்சுகளின் மூக்குக்குள் 1.1 மில்லிமீட்டர் நீளக் கம்பித் துண்டு ஒன்றையும் செலுத்துவார்கள். அதில் பொறித்த எண், எந்த ஹேச்சரி, எந்த வருடம் என்று சொல்லும். குழந்தைகளிடம் இதைச் சொல்லும்போது கையில் ஒரு மிளகாய் விதையை வைத்துக்கொண்டு, இதைவிடச் சின்னது என்பேன். விதை வீட்டு அஞ்சறைப்பெட்டியில் இருந்து எடுத்தது.

கேள்விகள்

இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும். வந்தவர்கள் கேட்பது பெரும்பாலும் நான்கைந்து கேள்விகள்தான். அவற்றுக்கு நேர்மையான பதில் உங்களிடம் இருந்தால் பாதி வேலை முடிந்தது.

"வழி எப்படித் தெரிகிறது?" வாசனை. பிறந்த ஓடையின் மணத்தைக் குஞ்சாக இருக்கும்போதே மீன் மனதில் வாங்கிக்கொள்கிறது. 1970களில் விஸ்கான்சினில் ஆர்தர் ஹாஸ்லர் என்ற விஞ்ஞானியும் அவர் குழுவும் கோஹோ குஞ்சுகளை மார்ஃபோலின் என்ற வேதிப்பொருளின் மணத்தில் பழக்கினார்கள். பிறகு அந்தப் பொருளை ஓர் ஓடையில் சொட்டவிட்டார்கள். வளர்ந்த மீன்கள் அந்த ஓடையைத் தேடி வந்து சேர்ந்தன.

நான் மாட்டிக்கொண்டதும் இந்தக் கேள்வியில்தான். முதல் வருடம், பத்துப் பதினைந்து பிள்ளைகள் முன்னால், "ஒவ்வொரு மீனும் பிறந்த ஓடைக்கே திரும்பும்" என்று அடித்துச் சொன்னேன். ஒரு பையன் கையைத் தூக்கினான். "அப்படியென்றால் முதல் மீன் இங்கே எப்படி வந்தது?" எனக்குத் தெரியவில்லை, மழுப்பினேன். அவன் முகத்திலேயே தெரிந்தது, நம்பவில்லை என்று. அன்று மாலை மூத்த தொண்டர் ஒருவரிடம் கேட்டேன். எல்லா மீனும் திரும்புவதில்லை, கொஞ்சம் மீன் வழி தவறி வேறு ஓடைக்குப் போகும். கடைசிப் பனியுகத்தில் இந்தப் பகுதி முழுவதும் பனிப்பாறைக்கு அடியில் கிடந்தது. பனி உருகிய பிறகு, வழி தவறிய மீன்கள்தான் இந்த ஓடைகளை நிரப்பின. இன்னும் ஒன்று சொன்னார்: இந்த ஹேச்சரியின் சினூக் வம்சமே பக்கத்து கிரீன் நதியிலிருந்து கொண்டுவந்தது. தெரியாவிட்டால் "தெரியாது, வா, கேட்கலாம்" என்று சொல்லிவிடுங்கள். பிள்ளைகளுக்கு அது பிடிக்கும்.

"சாப்பிடலாமா?" நம்மவர்கள் கேட்காமல் போனதே இல்லை. என் அம்மா தூத்துக்குடியிலிருந்து வந்திருந்தபோது பாலத்தில் நின்று கொஞ்ச நேரம் பார்த்தார். "ஏல, இம்புட்டு மீனு போவுது, ஒருத்தனும் புடிக்க மாட்டானுவளா?" என்றார். இந்த ஓடையில் சால்மன் பிடிக்கத் தடை என்றேன். அது அவருக்குச் சமாதானமாகவில்லை. கொழுப்பெல்லாம் கரைந்து சதை தொளதொளவென்று ஆகியிருக்கும், கடலில் பிடித்ததுதான் ருசி என்றதும், "அதச் சொல்லு" என்று தலையாட்டினார். மீன் தெரிந்தவர்களுக்கு அந்த ஒரு பதில் போதும்.

"ஏன் கொல்கிறீர்கள்?" இதைச் சின்னப் பிள்ளைகள் கண் கலங்கிக் கேட்பார்கள். சுற்றி வளைக்காதீர்கள். பசிபிக் சால்மன் முட்டையிட்டதும் சில நாளில் செத்துவிடும், நாம் தொட்டாலும் தொடாவிட்டாலும். ஓடையில் சரளைக்கு அடியில் புதைத்த முட்டைகளை ஒரு பெருவெள்ளம் வந்தால் அரித்துக்கொண்டு போய்விடும். தட்டில் வைத்தால் பெரும்பாலானவை பிழைக்கும். எல்லா மீனையும் பிடித்துவிடுவதும் இல்லை. ஒரு பங்கை, ஓடைக்குக் குறுக்கே மீனை நிறுத்தும் தடுப்புக்கு மேலே விட்டுவிடுகிறார்கள், அவை தாமாகக் குழி பறித்து முட்டையிட. செத்த மீனும் வீணாகாது. கடலில் சேர்த்த சத்தையெல்லாம் அது காட்டுக்குக் கொண்டுவந்து கொடுக்கிறது: பூச்சி தின்னும், ரக்கூன் இழுத்துக்கொண்டு போகும், கரையில் உள்ள தேவதாரு வேர் உறிஞ்சும். இதைச் சொன்ன பிறகும் ஒரு பிள்ளை அழுதால், அழட்டும்.

பெரியவர்கள் கேட்கும் கேள்வி வேறு: "ஹேச்சரியால் நன்மையா, தீமையா?" விளம்பரப் பதில் சொல்லாதீர்கள். தொட்டியில் தலைமுறை தலைமுறையாக வளர்ந்த மீன், காட்டு மீனோடு கலந்தால் வம்சத்தின் வலு குறையும் என்ற கவலை விஞ்ஞானிகளிடம் உண்மையாகவே இருக்கிறது. குஞ்சுகள் இரைக்குப் போட்டி போடும். இன்னொரு பக்கம், புஜெட் சவுண்ட் சினூக் 1999இலேயே அழிவு அபாயப் பட்டியலில் ஏறிவிட்டது. அதையே நம்பி வாழும் ஓர்கா திமிங்கிலக் கூட்டம் 2005இல் அதைவிடக் கடுமையான பட்டியலில் ஏறியது. பழங்குடியினரின் உரிமையும் உண்டு. 1855இல் நிலத்தை விட்டுக்கொடுத்துக் கையெழுத்திட்ட பாயின்ட் எலியட் ஒப்பந்தம் போன்றவற்றில் வழக்கமான இடங்களில் மீன் பிடிக்கும் உரிமையை அவர்கள் விட்டுக்கொடுக்கவில்லை. அரசு அதை மதிக்காமல் கைது செய்துகொண்டே இருந்தது. நிஸ்குவாலி பழங்குடியைச் சேர்ந்த பில்லி ஃபிராங்க் ஜூனியர் போன்றவர்கள் பல தடவை சிறைக்குப் போனார்கள். 1974இல் நீதிபதி ஜார்ஜ் போல்ட் கொடுத்த தீர்ப்பு, பிடிக்கக்கூடிய மீனில் பாதி அவர்களுக்கு என்றது. ஓடைகள் கெட்டுக் கிடக்கும்போது ஹேச்சரியையும் மூடிவிட்டால் அந்தப் பாதி எதில் பாதி? நான் இரண்டு பக்கத்தையும் சொல்லிவிட்டு, ஓடை சரியாகும்வரை ஹேச்சரி ஓர் ஊன்றுகோல், கால் இல்லை என்று என் கருத்தையும் சொல்வேன். மறுத்துப் பேசுகிறவர்கள் உண்டு. பேசட்டும்.

பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு சுற்றுவது

எண்களைக் குறைத்துக்கொள்ளுங்கள், கையை அதிகம் பயன்படுத்துங்கள். வால் எப்படி ஆடுகிறது, கையால் காட்டு. தாய் மீன் பக்கவாட்டில் சாய்ந்து வாலால் அடித்து அடித்துச் சரளையில் குழி பறிக்கும், நீயும் செய்து காட்டு. மழை பெய்தாலும் சுற்று நிற்காது. இந்த ஊரில் குடை பிடிப்பவரைப் பார்த்தால் வெளியூர் என்று கண்டுபிடித்துவிடுவார்கள். தொப்பி வைத்த மழைக்கோட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நாற்றம் பற்றி யாராவது மூக்கைப் பொத்தினால், அந்த மணத்தை வைத்துத்தான் கழுகும் கரடியும் சாப்பாட்டைக் கண்டுபிடிக்கும் என்று சொல்லுங்கள். அப்புறம் எல்லாரும் வேண்டுமென்றே மோந்து பார்ப்பார்கள்.

கரை வேலை

மழைக்காலம் முழுவதும், அக்டோபரிலிருந்து மார்ச் வரை, செடி நடும் காலம். ஓடையோரம் நிழல் இருந்தால்தான் தண்ணீர் குளிர்ந்திருக்கும், தண்ணீர் குளிர்ந்திருந்தால்தான் குஞ்சுக்கு மூச்சு. மவுன்டன்ஸ் டு சவுண்ட் கிரீன்வே டிரஸ்ட் போன்ற அமைப்புகள் இஸ்ஸக்வா ஓடைப் பக்கம் சனிக்கிழமைகளில் ஆள் திரட்டுவார்கள். மண்வெட்டி, கையுறை எல்லாம் அவர்களே தருவார்கள்.

குழியைத் தொட்டியின் ஆழத்துக்கு மேல் தோண்டாதீர்கள். வேரும் தண்டும் சேரும் இடம் தரை மட்டத்தில் இருக்க வேண்டும். மேலே மரச்சில்லுகளைப் பரப்பும்போது தண்டை ஒட்டிக் குவித்தால் அழுகிவிடும். வடை மாதிரி, நடுவில் ஓட்டை விட்டுச் சுற்றிப் பரப்புங்கள். கேட்டவர்களுக்கு இதை டோநட் மாதிரி என்று சொல்லுவார்கள். நமக்கு வடைதான் சரி.

களை என்றால் முதல் எதிரி இமாலயன் பிளாக்பெர்ரி. லூதர் பர்பாங்க் என்ற தாவர வளர்ப்பாளர் 1885இல் இந்தியாவிலிருந்து விதை வந்தது என்று நினைத்து 'இமாலயா' என்று பெயர் வைத்துவிட்டார். உண்மையில் அது அர்மீனியா, ஈரான் பக்கத்துச் செடி. யாராவது உங்களைப் பார்த்து "உங்கள் ஊர்ச் செடி" என்று கிண்டலடித்தால் இந்தத் தகவல் உதவும். கொடியை முழங்கால் உயரம் விட்டு வெட்டுங்கள்; மிச்சமிருக்கும் தண்டுதான் அடிக்கிழங்கைப் பிடுங்கக் கைப்பிடி. அடிக்கிழங்கு உள்ளே இருந்தால் அடுத்த வருடம் அதே இடத்தில் வந்து நிற்கும். ஆனால் மூங்கில் போலக் கணுக்கணுவாக நாட்வீட் என்ற செடியைப் பார்த்தால் வெட்டாதீர்கள், பிடுங்காதீர்கள். விழுந்த துண்டு ஒவ்வொன்றும் ஓடையில் மிதந்து போய்த் தனிச் செடியாகும். பொறுப்பாளரிடம் சொல்லிவிடுங்கள், உரிமம் பெற்றவர்கள் வந்து பார்த்துக்கொள்வார்கள்.

வீட்டில் செய்யவேண்டியதும் இருக்கிறது. நகர ஓடைகளில் முதல் மழைக்குப் பின் கோஹோக்கள் வயிறு நிறையச் சினையோடு செத்து மிதப்பது பல வருடம் புதிராக இருந்தது. 2020 டிசம்பரில் வாஷிங்டன் மாநில விஞ்ஞானிகள் குற்றவாளியைக் கண்டுபிடித்தார்கள்: கார் டயரில் சேர்க்கும் 6பிபிடி என்ற பொருள் காற்றில் உள்ள ஓசோனோடு சேர்ந்து 6பிபிடி-கியூனோன் ஆகிறது. தேய்ந்த டயர்த்தூள் சாலையில் கிடந்து, மழை அதை மழைநீர்ச் சாக்கடைக்கு அடித்துக்கொண்டு போகிறது. அந்தச் சாக்கடை சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போவதில்லை, நேராக ஓடைதான். அதே தண்ணீரை மண்ணும் மட்கும் கலந்த படுகை வழியாக வடியவிட்டால் மீன் பிழைக்கிறது. அதனால் காரை வீட்டு வாசல் சிமென்ட்டில் கழுவாதீர்கள், புல்வெளியில் நிறுத்திக் கழுவுங்கள், இல்லாவிட்டால் கார் கழுவும் கடைக்குப் போங்கள். கோலம் போட்டு மிஞ்சிய பெயின்ட், வதக்கிய எண்ணெய், எதுவும் தெருவோரச் சாக்கடைக்குள் போக வேண்டாம். இலையுதிர் காலத்தில் ஓடைக்குள் நாயை இறக்காதீர்கள், நீங்களும் இறங்காதீர்கள். வெளுத்துச் சுத்தமாகத் தெரியும் சரளைத் திட்டுக்கு அடியில்தான் முட்டை இருக்கும்.

ஆகஸ்ட்

நடும் நாளில் கூட்டம் வரும், டோநட் வரும், போட்டோ எடுப்பார்கள். ஆனால் இந்த ஊரில் ஜூலை, ஆகஸ்ட் இரண்டு மாதமும் மழை கிட்டத்தட்ட கிடையாது. நட்ட செடி முதல் இரண்டு மூன்று கோடையில்தான் அதிகம் சாகிறது. தண்ணீர் ஊற்றக் கூப்பிட்டால் ஆள் வராது. புதிதாகச் சேருபவர்களுக்கு நான் சொல்வது, அங்கிருந்தே தொடங்குங்கள் என்பதுதான். பொறுப்பாளருக்கு உங்கள் பெயர் உடனே மனப்பாடமாகிவிடும். பயிற்சித் தேதியும் முதலில் உங்கள் காதில் விழும்.

காலை ஏழு மணிக்குப் போய்விடுங்கள், வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடலாம். வாளியை வைத்துவிட்டுப் பாலத்துக்கு வந்தால் அங்கே யாரும் இருக்க மாட்டார்கள். கூலிங் கிளாஸைப் போட்டுக்கொண்டு, தடுப்புக்குக் கீழே ஆழமான பக்கமாகப் பாருங்கள். அந்த வருடத்தின் முதல் சினூக் பெரும்பாலும் ஒற்றையாகத்தான் வந்து நிற்கும்.